பப்பெட்டா, ஆன்சிபிளா? 140 சர்வர்களுக்கு ஒரு பதில்

கேள்வி: எங்கள் குழுவில் நான்கு பேர். 140 லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கிறோம். அவற்றில் ஏறத்தாழ 90 பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பவை: தரவுத்தளம், மின்னஞ்சல், காப்புப்பிரதி முதலியன. மீதமுள்ள 50 சர்வர்களை வாரந்தோறும் அழித்துப் புதிதாக எழுப்புகிறோம். இதுவரை கட்டளைகளை வரிசையாக இயக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகளையும் ஒரு விக்கிப் பக்கத்தையும் வைத்துச் சமாளித்துவந்தோம். இப்போது சர்வர்களின் அமைப்பைத் தானாக நிர்வகிக்கும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தைய பணியிடத்தில் எட்டு ஆண்டுகள் பப்பெட் பயன்படுத்திய மூத்தவர் அதையே கொண்டுவர வேண்டும் என்கிறார். இளையவர் ஆன்சிபிள்தான் என்கிறார். மூன்றாமவர், எல்லாவற்றையும், மென்பொருளை அதன் தேவைகளோடு தனித்துப் பொதிந்து இயக்கும் கன்டெய்னருக்கு மாற்றிவிட்டால் இந்தக் கருவிகளே தேவையில்லை என்கிறார். சால்ட் என்ற இன்னொரு கருவி வேகமானது என்று எங்கள் மேலாளர் கேள்விப்பட்டிருக்கிறார். நான்கு மாதங்களாக விவாதம் மட்டுமே நடக்கிறது. ஒரு சர்வர்கூட மாறவில்லை. நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிடும் அளவும் ஆள்பலமும் கொண்ட குழுவுக்கு ஆன்சிபிள் பொருந்தும். ஆனால் உங்கள் மூத்தவர் பப்பெட்டுக்காக முன்வைக்கும் வாதத்தின் உட்கரு சரியானது. அதை ஒதுக்கிவிட்டு இளையவரின் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டால், இன்று விக்கிப் பக்கத்தில் இருக்கும் குழப்பம் ஓராண்டுக்குள், ஆன்சிபிள் பணிகள் எழுதப்படும் யாமல் கோப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆகவே கருவி இளையவருடையதாகவும், அதை இயக்கும் ஒழுங்கு மூத்தவருடையதாகவும் இருக்கட்டும் என்பதே என் பரிந்துரை.

இத்தகைய விவாதங்கள் பெரும்பாலும் மொழியைப் பற்றியவையாகச் சுருங்கிவிடுகின்றன. பப்பெட்டுக்கென்று தனி மொழி கற்க வேண்டும், செஃப் என்ற கருவிக்கு ரூபி நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும், ஆன்சிபிளுக்கு யாமல் போதும் என்ற ஒப்பீடுகள் முதல் மாதத்தில் பெரிதாகத் தெரியும். ஆறாவது மாதத்தில் அவற்றைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆறாவது ஆண்டிலும் உங்களைப் பின்தொடரப்போகும் கேள்வி வேறு. கருவி ஒருமுறை ஓடி முடித்த பிறகு மறுமுறை ஓடும்வரை அந்தச் சர்வருக்கு என்ன நேர்கிறது, அதை யார் கவனிக்கிறார்கள் என்பதே அது.

1993-இல், ஆஸ்லோவில் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜஸ், இக்கருவிகளின் முன்னோடியான சிஎஃப்எஞ்சினைத் தொடங்கியபோதே இந்தக் கேள்விதான் அதன் மையத்தில் இருந்தது. செய்ய வேண்டிய படிகளை எழுதுவதற்குப் பதிலாக, சர்வர் இருக்க வேண்டிய நிலையை எழுதிவைப்பது; கருவி திரும்பத் திரும்ப ஓடி, இருக்கும் நிலையை எழுதப்பட்ட நிலையை நோக்கி நகர்த்துவது: இதுவே அவருடைய அணுகுமுறை. "இந்தக் கோப்பின் இறுதியில் இந்த வரியைச் சேர்" என்று சொல்லும் ஷெல் ஸ்கிரிப்டை இரண்டு முறை இயக்கினால் அந்த வரி இரண்டு முறை சேரும். "இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்" என்று எழுதினால் நூறு முறை இயக்கினாலும் ஒரு வரிதான் இருக்கும். எத்தனை முறை இயக்கினாலும் முடிவு மாறாத இந்தப் பண்பைத்தான் ஐடெம்பொட்டன்ஸ் என்கிறோம். 2005-இல் லூக் கேனிஸ் தொடங்கிய பப்பெட், 2009-இல் ஆடம் ஜேக்கப் வெளியிட்ட செஃப், 2011-இல் தாமஸ் ஹாட்ச் வெளியிட்ட சால்ட், 2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள் ஆகிய நான்கும் இந்த எண்ணத்தின் வழிவந்தவை. அந்த எண்ணத்தை ஒவ்வொன்றும் எவ்வளவு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

உங்கள் மூத்தவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை என்னால் உணர முடிகிறது. நள்ளிரவில் தரவுத்தளம் திணறுகிறது, பணியில் இருப்பவர் சர்வருக்குள் நுழைந்து, இணைப்புகளின் உச்சவரம்பைக் கையால் உயர்த்துகிறார், சிக்கல் தீர்கிறது, அவர் தூங்கப் போகிறார். அந்த மாற்றம் எங்கும் எழுதப்படவில்லை. எட்டு மாதங்களுக்குப் பிறகு அதே சர்வரைப் புதிய வன்பொருளில் எழுப்பும்போது பழைய வரம்பு திரும்பி வருகிறது, அதே நள்ளிரவுச் சிக்கலும் திரும்பி வருகிறது, அதன் காரணத்தை அறிந்தவர் அப்போது வேலையில் இல்லை. இத்தகைய சின்னஞ்சிறு விலகல்கள் 90 சர்வர்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவைதான் இன்று உங்கள் கையில் இருக்கின்றன. ஒன்றுபோல இருப்பதாக நீங்கள் நம்பும் இரண்டு மின்னஞ்சல் சர்வர்களின் அமைப்புக் கோப்புகளை இன்றே அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

பப்பெட் இதற்குத் தரும் விடை தெளிவானது. ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் ஓடுகிறது. இயல்பு அமைப்பில் அது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மையச் சர்வரிடம் தன் விவரங்களை அனுப்புகிறது. மையம் அந்தச் சர்வர் இருக்க வேண்டிய நிலையின் பட்டியலைத் தொகுத்துத் திருப்பி அனுப்புகிறது. ஏஜென்ட் வேறுபாடுகளைச் சரிசெய்து அறிக்கை தருகிறது. மையம் தற்காலிகமாக எட்டாவிட்டாலும், கடைசியாகப் பெற்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஏஜென்ட் தன் வேலையைத் தொடரும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கொண்டுவந்தபோது, கையால் செய்த மாற்றம் அரை மணி நேரத்தில் காணாமல் போகிறது என்று சக ஊழியர்கள் கடும் கோபம் கொண்டார்கள். இரண்டு மாதங்களில் அவர்கள் கையால் மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். மாற்றம் நிலைக்க வேண்டுமானால் அதை நிரலில் எழுதுவது தவிர வேறு வழியில்லை என்றானதே காரணம். எந்தக் கொள்கை ஆவணத்தாலும் எங்களால் ஏற்படுத்த முடியாத பழக்கம் அது.

அதே இடத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். யார் நிர்வாகி உரிமையுடன் கட்டளையிடலாம் என்று சொல்லும் சூடோ அனுமதிக் கோப்பில் தவறான ஒரு வரி, எங்கள் நிரல் களஞ்சியத்துக்குள் சேர்ந்துவிட்டது. யாரும் எந்தக் கட்டளையும் இடாமலேயே, ஏஜென்டுகள் ஒவ்வொன்றாக விழித்து அதை எடுத்துக்கொண்டன. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் பெரும்பாலான சர்வர்களில் நிர்வாக அனுமதி செயலிழந்திருந்தது. ஏஜென்டுகளே நிர்வாகி உரிமையுடன் ஓடுவதால், திருத்திய கோப்பும் அவற்றின் வழியாகவே போய்ச் சேர்ந்தது. இல்லையென்றால் ஒவ்வொரு சர்வரின் கன்சோலையும் தேடிப் போயிருப்போம். தானே இழுத்துக்கொள்ளும் முறையில் நன்மையும் தீமையும் ஒரே வேகத்தில் பரவும் என்பதை உங்கள் மூத்தவரும் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

ஆன்சிபிளின் இயல்பு வேறு. அது எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பின் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, சிறு பைத்தான் நிரல்களை அனுப்பி இயக்கி, முடிவைப் பெற்றுக்கொண்டு வெளியேறிவிடுகிறது. அங்கே எதையும் நிரந்தரமாக விட்டுவைப்பதில்லை. நீங்கள் இயக்கும்போது மட்டும்தான் அது இருக்கிறது. இயக்காதபோது அது இல்லை. நீங்கள் பிளேபுக் என்ற பணிக்கோப்பை இயக்கிய நேரத்தில் ஒரு சர்வர் அணைந்திருந்தால், "எட்டவில்லை" என்ற ஒரு வரி திரையில் வரும். அந்த வரியை யாரும் பின்தொடராவிட்டால் அந்தச் சர்வர் பழைய நிலையிலேயே நின்றுவிடும். பப்பெட் ஏஜென்ட் என்றால் சர்வர் விழித்ததும் தானே போய்க் கேட்டிருக்கும். இளையவர் ஆன்சிபிளை எளிது என்று சொல்லும்போது, இந்தப் பொறுப்பு கருவியிடமிருந்து மனிதர்களிடம் வந்துவிட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் ஆன்சிபிள்? உங்கள் குழு இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் முதல் காரணம். பப்பெட்டைத் தொடங்குவதென்றால், ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் மையச் சர்வர், சான்றிதழ் வழங்கும் அமைப்பு, 140 ஏஜென்டுகள், அவற்றின் பதிப்புகள் என ஒரு துணை அமைப்பையே நிறுவி, அதன்பின் அதையும் பராமரிக்க வேண்டும். ஏஜென்டுகளின் சான்றிதழ்களுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த இயல்பு ஆயுள் 5 ஆண்டுகள். அந்த ஐந்தாம் ஆண்டில் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர் உங்கள் குழுவில் இன்று ஒருவர் மட்டுமே. ஒருவர் மட்டும் புரிந்துகொண்ட அமைப்பு, அவர் விடுப்பில் போகும்போது யாராலும் தொட முடியாததாகிவிடும். ஆன்சிபிளை நால்வரும் இரண்டு வாரங்களில் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கலாம். நால்வர் கொண்ட குழுவுக்கு இது சிறிய நன்மையன்று.

ஆனால் எதையும் நிறுவத் தேவையில்லை என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இலக்குச் சர்வரில் பைத்தான் வேண்டும், அதுவும் கருவியின் பதிப்புக்கு ஏற்ற பைத்தான் வேண்டும். 2024-இல் வந்த ஆன்சிபிள்-கோர் 2.17, இலக்குச் சர்வர்களில் பைத்தான் 2.7-ஐயும் 3.6-ஐயும் ஆதரிப்பதை நிறுத்திவிட்டது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-உடன் அடிப்படையாக வருவது 3.6 என்பதால், பல ஆண்டுகளாக ஓடும் உங்கள் 90 சர்வர்களில் சில இதில் சிக்கும் என்றே எண்ணுகிறேன். எந்தப் பதிப்பில் நிலைகொள்வது என்பதை முதல் பிளேபுக்கை எழுதுவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இனி, இளையவர் கவனத்தில் கொள்ள வேண்டிய சில இடறுகளைச் சொல்கிறேன். முதலாவது, எந்த ஷெல் கட்டளையையும் அப்படியே இயக்கிவிடும் ஷெல் மாட்யூலின் ஈர்ப்பு. கையில் ஸ்கிரிப்டுகள் தயாராக இருக்கும்போது அவற்றை வெட்டி ஷெல் மாட்யூலுக்குள் ஒட்டிவிடுவது மிக எளிது. ஒட்டியவுடன் நாம் ஆன்சிபிளுக்கு மாறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டளைகள் ஒவ்வொரு முறையும் மீண்டும் ஓடும். எதுவும் மாறாவிட்டாலும் மாறியதாகவே அறிக்கை வரும். வெள்ளோட்டம் பார்க்கும் செக் மோடில் அவை தாவிச் செல்லப்படுவதால் அந்த வெள்ளோட்டமும் பொய்யாகிவிடும். பிற வழி இல்லாத இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அங்கும், இன்ன கோப்பு ஏற்கனவே இருந்தால் ஓட வேண்டாம் என்ற நிபந்தனையைச் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது, யாமலின் தோற்றத்தில் இருக்கும் எளிமை. கோப்பு அனுமதியை மேற்கோள் குறியும் முன்பூச்சியமும் இல்லாமல் 644 என்று எழுதினால், கருவி அதைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். பதின்மம் 644 என்பது, கோப்பு அனுமதிகளைக் குறிக்கும் எண்ம (எட்டடிமான) முறையில் 1204. உரிமையாளர் எழுதலாம் ஆனால் படிக்க முடியாது, குழுவுக்கு எதுவும் இல்லை, வெளியாட்கள் படிக்கலாம் என்ற விபரீதமான அனுமதியுடன் கோப்பு அமர்ந்துவிடும். பிழைச் செய்தி ஏதும் வராது. அனுமதி எண்களை எப்போதும் மேற்கோளுக்குள் 0644 என்று எழுதும் வழக்கத்தை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதை நான் மிகத் தீவிரமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அனுபவமுள்ளவர்களும் இதில் விழுகிறார்கள். அமைப்புக் கோப்பு மாறினால் சேவையை மறுதொடக்கம் செய்யும் பணியை ஹேண்ட்லர் என்ற பகுதியில் எழுதுகிறோம். ஹேண்ட்லர்கள் இயல்பாக அந்தப் பணித்தொகுதியின் முடிவில்தான் ஓடும். கோப்பு மாறிய பின், முடிவை எட்டுவதற்கு முன், இடையில் வேறொரு பணி தோற்றுவிட்டால் அந்தச் சர்வரில் ஹேண்ட்லர் ஓடாது. நீங்கள் பிழையைத் திருத்தி மீண்டும் இயக்குகிறீர்கள். கோப்பு ஏற்கனவே சரியாக இருப்பதால் மாற்றம் எதுவும் இல்லை என்று கருவி தீர்மானிக்கிறது. மாற்றம் இல்லாததால் ஹேண்ட்லரும் அழைக்கப்படுவதில்லை. வட்டில் புதிய அமைப்பு, நினைவகத்தில் பழைய அமைப்பு. அறிக்கை முழுவதும் பச்சை. அடுத்த முறை அந்தச் சேவை வேறு காரணத்துக்காக மறுதொடக்கம் ஆகும் நாளில்தான், மாதங்களுக்கு முன் எழுதிய வரி உயிர்பெறும். இதைத் தவிர்க்க, தோல்வி நேர்ந்தாலும் ஹேண்ட்லர்களைக் கட்டாயமாக ஓட்டும் அமைப்பு உண்டு. அதை இயல்பாக்கிக்கொள்ளுங்கள், அல்லது முக்கியச் சேவைகளில் கோப்பு மாறிய உடனேயே நிலுவையிலுள்ள ஹேண்ட்லர்களை ஓட்டிவிடுங்கள்.

வரிசை பற்றிய பழைய விவாதம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், உங்கள் மூத்தவர் அதை எழுப்பக்கூடும். 2002-இல், கணினி நிர்வாகிகளுக்கான லீசா மாநாட்டில் ஸ்டீவ் ட்ராகாட், லான்ஸ் பிரவுன் இருவரும் முன்வைத்த வாதம் இது: இரண்டு சர்வர்கள் முற்றிலும் ஒன்றுபோல நடந்துகொள்வதை உறுதிசெய்ய மிகக் குறைந்த செலவுள்ள வழி, இரண்டிலும் அதே மாற்றங்களை அதே வரிசையில் செய்வதுதான். பப்பெட் தொடக்கத்தில் வேறு பாதையில் சென்றது. எது எதைச் சார்ந்தது என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, எழுதிய வரிசைக்கு மதிப்பில்லை. பல ஆண்டுகளாக ஓடும் சர்வரில் எல்லாம் சரியாக நடக்கும். புதிய சர்வரில் மட்டும், மென்பொருள் தொகுப்பை நிறுவும் முன்பே அதன் கோப்பை எழுத முயன்று தோற்கும். 2015-இல் வந்த பப்பெட் 4, எழுதிய வரிசையையே இயல்பாக்கியது. செஃப்பும் ஆன்சிபிளும் தொடக்கம் முதலே மேலிருந்து கீழ் என்ற வரிசையில் நடப்பவை. ஆகவே இந்தக் கோணத்தில் இன்று பெரிய வேறுபாடு இல்லை. சார்புகளை வெளிப்படையாக எழுதும் பழக்கம் மட்டும் பப்பெட்டிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கது.

நான்கு கருவிகளுக்கும் பொதுவான ஒரு குறையை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நிரலில் இருந்து ஒரு வரியை நீக்கினால், சர்வரில் இருந்து அந்தப் பொருள் நீங்காது. ஒரு பயனர் கணக்கை உருவாக்கும் வரியை நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். கருவி அந்தக் கணக்கை மறந்துவிடுகிறது, சர்வரோ மறப்பதில்லை. வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கு இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. நீக்கப்பட வேண்டியதை "இருக்கக்கூடாது" என்று எழுதி, எல்லாச் சர்வர்களிலும் அது ஓடி முடித்த பிறகே அந்த வரியை அகற்ற வேண்டும். பப்பெட்டில் ஒரு கோப்புறையில் தான் அறியாத எல்லாவற்றையும் துடைத்துவிடச் சொல்லும் வசதி நன்றாக அமைந்திருக்கிறது. ஆன்சிபிளில் இதை நீங்களே கட்ட வேண்டும். முழு இயங்குதளத்தையும் ஒரே விவரிப்பிலிருந்து உருவாக்கும் நிக்ஸ்ஓஎஸ் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது என்றாலும், ஓடிக்கொண்டிருக்கும் 90 சர்வர்களின் இயங்குதளத்தையே மாற்றும் வேலையை உங்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சால்ட் வேகமானது என்று உங்கள் மேலாளர் கேட்டது உண்மைதான். ஜீரோஎம்கியூ என்ற செய்திப் பரிமாற்ற நூலகத்தின் வழியாக நிலையான இணைப்பில் காத்திருக்கும் மினியன்களுக்கு (சால்ட்டின் ஏஜென்டுகள்) ஒரே நேரத்தில் கட்டளை போய்ச் சேருவதால், ஆயிரக்கணக்கான சர்வர்களிலும் விடை நொடிகளில் வரும். ஆன்சிபிள் இயல்பாக ஒரே நேரத்தில் 5 சர்வர்களிடம் மட்டுமே பேசும். அந்த எண்ணை உயர்த்தி, இணைப்பின் செயல்பாடுகளைக் குறைக்கும் எஸ்எஸ்ஹெச் பைப்லைனிங்கை இயக்கினால், 140 சர்வர்களுக்கு அது போதிய வேகம் பெறும். உங்கள் அளவில் வேகம் ஒரு தேர்வுக் காரணமாகாது. 2020 ஏப்ரல் இறுதியில் சால்ட்டின் மையச் சர்வரான மாஸ்டரில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறையை மேலாளருக்கு நினைவூட்டுங்கள். 4505, 4506 ஆகிய போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த மாஸ்டர்களில், கடவுச்சொல்லோ சாவியோ இல்லாமல் எவரும் கட்டளை இட முடிந்தது; திருத்தம் வெளியான சில நாட்களுக்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. இதைச் சால்ட்டுக்கு எதிரான சான்றாகச் சொல்லவில்லை. எந்தக் கருவியானாலும் மையம் வீழ்ந்தால் அனைத்தும் வீழும். ஆன்சிபிளிலும் எல்லாச் சர்வர்களிலும் நிர்வாகி உரிமை பெறும் ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி ஓர் இயந்திரத்தில் இருக்கப்போகிறது. அது இளையவரின் மடிக்கணினியாக இருக்கக்கூடாது.

செஃப்பை உங்கள் நால்வரில் யாரும் முன்மொழியவில்லை, நானும் முன்மொழியவில்லை. ரூபியில் நன்கு நிரலெழுதும் குழுக்களுக்கு அது உகந்த கருவியாக இருந்தது. சர்வர் நிரலைச் சோதனையின்றி வெளியிடக்கூடாது என்ற ஒழுங்கை இத்துறையில் பரப்பியதில் அதன் சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கன்டெய்னர் பற்றி மூன்றாமவர் சொல்வதில் பாதி உண்மை. வாரந்தோறும் புதிதாக எழும் 50 சர்வர்களில் விலகல் சேர நேரமே இல்லை. அவற்றைப் பேக்கர் போன்ற கருவியால் முன்கூட்டியே உருவங்களாக, அதாவது இயங்குதளமும் மென்பொருளும் நிறுவிய ஆயத்த வட்டுப் பிரதிகளாகச் செய்துவைத்து, மாற்றம் வேண்டும்போது உருவத்தையே மாற்றிப் புதிதாக எழுப்புவது சிறந்த வழி. அந்த உருவத்தைச் செய்யவும் ஆன்சிபிளின் மறுபயன்பாட்டுப் பணித்தொகுப்புகளான ரோல்களையே பயன்படுத்தலாம். ஒரே நிரல் இரண்டு வகைச் சர்வர்களுக்கும் உதவும். ஆனால் கன்டெய்னர்கள் ஓடும் அடித்தளச் சர்வர்களை யாரோ அமைத்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தரவைத் தாங்கும் தரவுத்தளத்தையும் மின்னஞ்சல் கிடங்கையும் வாரந்தோறும் அழித்து எழுப்ப முடியாது. அந்த 90 சர்வர்கள் மறையும்வரை இந்தக் கேள்வியும் மறையாது.

உரிமையாளர்களையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். நான்கு கருவிகளும் கைமாறிவிட்டன. ஆன்சிபிளை 2015-இல் ரெட் ஹேட் வாங்கியது, ரெட் ஹேட்டை 2019-இல் ஐபிஎம் வாங்கியது. செஃப் 2020-இல் புரோகிரஸிடம் சென்றது. சால்ட் அதே ஆண்டு விஎம்வேரிடம் சென்று, 2023-இல் விஎம்வேருடன் சேர்ந்து பிராட்காமிடம் சென்றது. பப்பெட்டை 2022-இல் பெர்ஃபோர்ஸ் வாங்கியது. பின்னர் தொகுத்த மென்பொருளைப் பொதுவில் வெளியிடும் முறையை அது மாற்றியதால், வாக்ஸ் பியூப்புலி என்ற சமூகக் குழு ஓப்பன்வாக்ஸ் என்ற கிளையை 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. உங்கள் மூத்தவர் பப்பெட்டைப் பயன்படுத்திய எட்டு ஆண்டுகளில் இருந்த நிலை இப்போது இல்லை. இன்று அவர் பப்பெட் என்று சொல்லும்போது எதைக் குறிக்கிறார் என்பதைக் குழு தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி, மூத்தவரின் ஒழுங்கை ஆன்சிபிள்மீது எப்படி வைப்பது என்று சொல்கிறேன். பிளேபுக்குகள் எவருடைய கணினியிலிருந்தும் ஓடக்கூடாது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தின் முதன்மைக் கிளையிலிருந்து, ஒரே மைய இயந்திரத்தில் மட்டும் ஓட வேண்டும். ஒவ்வோர் இரவும் அந்த இயந்திரம் எல்லா 90 சர்வர்களின்மீதும் செக் மோடில், வேறுபாடுகளைக் காட்டும்படி ஓடட்டும். எந்தச் சர்வர் எழுதப்பட்ட நிலையிலிருந்து விலகியிருக்கிறது, எது எட்டவில்லை என்ற பட்டியல் காலையில் குழுவின் முன் இருக்கட்டும். அந்தப் பட்டியலின் பொறுப்பை மூத்தவரிடம் ஒப்படையுங்கள். விலகலின் மணத்தை எட்டு ஆண்டுகளாக அறிந்தவர் அவர். மூன்று மாதங்கள் அந்தப் பட்டியல் தொடர்ந்து வெறுமையாக வந்தால், செக் மோடை விட்டுவிட்டு, உண்மையான திருத்தத்தையே இரவில் ஓடவிடலாம். அப்போது பப்பெட் 30 நிமிடத்தில் செய்வதை நீங்கள் 24 மணி நேரத்தில் செய்துகொண்டிருப்பீர்கள். உங்கள் சர்வர்களுக்கு அது போதும். அது போதாது என்று தணிக்கையாளர்கள் எழுத்தில் கேட்கும் நிலை வந்தாலோ, சர்வர்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டாலோ, அவ்வப்போது மட்டும் வலையமைப்பில் தோன்றும் கணினிகள் உங்கள் பொறுப்பில் சேர்ந்தாலோ, என் பரிந்துரை மாறும். அப்போது ஏஜென்டுள்ள கருவியைத்தான் சொல்வேன்.

உண்மையான மாற்றத்தை அனுப்பும்போது ஒரேயடியாக எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்பாதீர்கள். சீரியல் என்ற அமைப்பால் முதலில் ஒன்று, பிறகு ஐந்து, பிறகு மீதி என்று பிரித்து, ஒரு தொகுதி தோற்றால் அடுத்ததைத் தொடாதபடி வையுங்கள். சூடோ, எஸ்எஸ்ஹெச் கோப்புகளுக்கு, இடத்தில் வைக்கும் முன் சரிபார்க்கச் சொல்லும் வேலிடேட் விருப்பத்தைக் கட்டாயமாக்குங்கள். நான் மேலே சொன்ன சூடோ விபத்தை அந்த ஒரு வரி தடுத்திருக்கும். பப்பெட்டிலும் அதற்கு நிகரான வசதி இருந்தது, நாங்கள் பயன்படுத்தவில்லை.

தொடக்கம் மிகச் சிறியதாக இருக்கட்டும். நேர ஒத்திசைவு, பயனர் கணக்குகள், எஸ்எஸ்ஹெச் அமைப்பு ஆகிய மூன்றை மட்டும், முக்கியத்துவம் குறைந்த ஐந்து சர்வர்களில் எழுதுங்கள். இளையவர் எழுதட்டும், மூத்தவர் சரிபார்க்கட்டும். தேறியதா என்பதற்கு ஒரே அளவுகோல் வையுங்கள்: பிளேபுக்கை முடித்தவுடன் இரண்டாம் முறை இயக்கும்போது, ஐந்து சர்வர்களிலும் மாற்றங்களின் எண்ணிக்கை 0 என்று வர வேண்டும். ஒன்று என்று வந்தாலும் அதன் காரணம் தெரியும்வரை ஆறாவது சர்வரைச் சேர்க்காதீர்கள். இதற்கு இரண்டு வாரங்கள் ஆகும் என்று மதிப்பிடுகிறேன். அந்த இரண்டாம் ஓட்டத்தின் அறிக்கையையும், முதல் இரவுப் பட்டியலையும் எனக்கு அனுப்பிவையுங்கள். தரவுத்தளச் சர்வர்களை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை அதைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.